யார் முதலில் பேசியது

அம்பத்தூர்
24 ஜனவரி 2025

அன்புள்ள தங்கை வரலட்சுமிக்கு,

இங்கே நான், மகன் ஜெகதீஷ், மருமகள் வர்ஷா மூவரும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

அக்கா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். உன் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. இந்த வீட்டில் அடுப்படியில் பேசினால் ஹாலில் கேட்கும். என் வாட்ஸ்அப் ஜெகதீஷின் லேப்டாப்பிலும் திறக்கிறது. போன் வாங்கிக் கொடுத்த அன்றே அவன் இணைத்து வைத்துவிட்டான். நீ கம்பம் தபால் நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பவள், அதனால் இது உன் கையில்தான் வந்து விழும். உன் பதில் பகலில் வரும், அப்போது நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஐம்பது வயது தாண்டியவர்கள் துணை தேடும் ஆப் ஒன்றை விளையாட்டாக என் போனில் ஏற்றிவிட்டுப் போனாய் அல்லவா? அதைத் திறந்து பார்த்தேன். போட்டோ போட்ட மூன்றாம் நாளே நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். நான் ஏதோ பெரிய ஆள் என்று நினைக்காதே. எடுத்துக்காட்டுக்குச் சில தருகிறேன். ஒருவர் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறார், ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர், "எனக்கு உப்பில்லாமல் சமைக்க வேண்டும், உங்களுக்கு வருமா?" என்கிறார். இன்னொருவர், "சொந்த வீடா, பையன் வீடா?" என்று கேட்டிருக்கிறார். "ஹாய் டியர்" மட்டும் பதினோரு பேர். ஆசிரியர் வேலை பார்த்தேன், வாசிக்கப் பிடிக்கும், கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது என்றெல்லாம் என்னைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்த அப்துல் ரசாக் சாரும் அதில் இருக்கிறாராம். பாங்கில் பார்த்தபோது வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அவர் கதை நேர்மாறு. "முப்பது பேருக்கு எழுதினேன் டீச்சர். ரெண்டு பேர் பதில் போட்டாங்க. அதுல ஒருத்தங்க இனிமே எழுதாதீங்கன்னு போட்டாங்க" என்றார். செய்திகள் வந்து குவிவதைப் பார்த்துப் பெண்கள் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆண்கள் பதில் வராததால் எல்லாருக்கும் ஒரே வரியை அனுப்புகிறார்கள். பிறகு எப்படிப் பேச்சு நடக்கும்?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

அன்புடன்,
அக்கா சுலோசனா


கம்பம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லாரும் நலம். முதுகுவலி இருக்கிறது, அது என்னோடுதான் ரிட்டயர் ஆகும் போல. உன் கடிதத்தைக் கவுண்டரில் உட்கார்ந்தே படித்து, ரோஜாப்பூ ஆளை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். மணியார்டர் கட்ட வந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த ஆப்பை எடுத்துவிடாதே. இருக்கட்டும். நல்லவர் ஒருவராவது வருவார். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீயாகப் போய் யாருக்கும் எழுதிவிடாதே. நாமாகப் பேசினால் அப்புறம் மதிப்பே இருக்காது. பெண் கேட்டு அவர்கள்தான் வர வேண்டும். இருபது வயதில் மட்டும் அல்ல, அறுபத்தொன்றிலும் அதே கதைதான். நீ கூப்பிட்டதால் வந்தேன் என்று ஒருநாள் சொல்லிக் காட்டிவிடுவார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. ஜெகதீஷுக்கும் வர்ஷாவுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வரம்


அம்பத்தூர்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள வரத்துக்கு,

நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் நீ செய்யாதே என்றதைச் செய்து முடித்திருந்தேன். தபால் ஒருநாள் முந்தியிருந்தால் செய்திருப்பேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

பெயர் உலகநாதன். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தன்னைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருந்தார். "மனைவி இறந்து நான்கு வருடம். ரசம், பொரியல் கற்றுக்கொண்டேன். இட்லி மாவு மட்டும் இன்னும் வசப்படவில்லை." நாற்பது பேர் கேட்ட கேள்விகளுக்கு நடுவே எனக்குக் கேட்கத் தோன்றிய ஒரே கேள்வி இதில்தான் இருந்தது. நான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வணக்கம். மாவு புளிக்கவில்லையா, புளித்தும் இட்லி கல்லாக வருகிறதா? மிக்ஸியில் அரைக்கிறீர்களா, கிரைண்டரிலா? மிக்ஸியில் மாவு சூடாகிவிடும்."

அனுப்பிவிட்டுப் போனைத் தலைகாணிக்கு அடியில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன். அந்த நேரத்தில் என் மனது துடித்ததை உனக்கு எப்படிச் சொல்வது? பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று பிள்ளைகள் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். அப்படி.

மறுநாள் பதில் வந்தது. "மிக்ஸிதான் அம்மா. மாவு சூடாகிவிடுகிறது என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கேட்டதற்கு நன்றி."

திட்டி எழுது, ஆனால் எழுது.

அன்புடன்,
அக்கா


கம்பம்
4 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது.

திட்டவில்லை. திட்டத்தான் நினைத்தேன். அந்தப் பதிலை மூன்று தடவை படித்துவிட்டேன், அதற்குமேல் திட்ட வரவில்லை. ஆனால் நீ முதலில் எழுதியதை ஜெகதீஷிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. உலகநாதன் எப்படிப் பேசுகிறார், எல்லாவற்றையும் எழுது. இவர் டீ கேட்கிறார், நிறுத்துகிறேன்.

வரம்


அம்பத்தூர்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள வரத்துக்கு,

இங்கு வெயில் தொடங்கிவிட்டது, மற்றபடி குறை இல்லை. மாப்பிள்ளைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ஜெகதீஷ் சொன்னான். நிம்மதி.

இரண்டு மாதக் கதையை ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் நான்கைந்து முறை சந்தித்தோம். ஆவடியிலிருந்து ரயிலில் வருவார். முதல் தடவையே டிபன் பாக்ஸில் இட்லி கொண்டுவந்திருந்தார். ஓட்டலுக்கு இட்லி கொண்டுவந்த ஆளை அங்கே இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சொல்லுங்க டீச்சர், மார்க்கு போடுங்க."

"நூத்துக்கு அம்பத்தஞ்சு."

"பாஸா?"

"பாஸ்தான். ஆனா இன்னும் கல்லாத்தான் இருக்கு."

"டேங்க் செஞ்ச கைங்க. அப்பிடித்தான் வரும்" என்றார்.

எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தேன் தெரியுமா! நீங்கள் ஏன் யாருக்கும் எழுதவில்லை என்று கேட்டேன். "பயம்தான். நான் ஒரு வணக்கம் போட்டாக்கூட இன்னொரு ரோஜாப்பூ ஆள்னு நெனச்சிடுவீங்கல்ல? நீங்க மொதல்ல போட்டது எனக்குக் கதவு தொறந்து வச்ச மாதிரி" என்றார். அவருடைய மனைவியைப் பற்றிப் பேசினார். உன் அத்தானைப் பற்றி நான் பேசினேன். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

போன வாரம் கேட்டார். "ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமா? ஆவடி வீட்ல ரெண்டு பேரா இருந்துக்கலாம்." எனக்குச் சம்மதம் வரம். அந்த வீட்டில் எனக்கு என்று ஓர் அறை, ஒரு ஜன்னல், பேச ஒரு ஆள். இங்கே என்னை யாரும் குறைவாக நடத்தவில்லை. ஆனால் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போனபின் மாலை வரை நான் குரல் எழுப்பிப் பேசுவது காய்கறி வண்டிக்காரரிடம் மட்டும்தான்.

அவர் தன் மகள் சித்ராவிடம் சொல்லியிருக்கிறார். பூந்தமல்லியில் இருக்கிறாள் அவள். அவருடைய போனை வாங்கி, நாங்கள் ஆப்பிலிருந்து மாறி எழுதிக்கொண்ட எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. நீங்கதான மொதல்ல மெசேஜ் பண்ணீங்க?"

"ஆமாம்மா."

"சரி. அது போதும்" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஜெகதீஷிடமும் பேசியிருக்கிறாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "கல்யாணம் பண்ணிக்கோம்மா, நான் வேணாங்கல. அவர் கேட்டு வந்திருந்தா நானே முன்னாடி நின்னு நடத்துவேன். ஆனா நீயாப் போய்… அவங்க பொண்ணு கேக்கறா, உங்க அம்மா எங்கப்பாவ எப்பிடிப் பிடிச்சாங்கன்னு. நான் என்னா சொல்றது?" என்றான்.

பிடித்தது என்ற சொல்லைக் கேட்டாயா? மீன் பிடிப்பது போல.

என்ன செய்யலாம், சொல்.

அக்கா


கம்பம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

இவருக்குக் கண் தேறிவருகிறது. நீ தைரியமாக இரு.

இதற்கு வழி இருக்கிறது. சித்ராவுக்கும் ஜெகதீஷுக்கும் உன் கல்யாணத்தில் எதிர்ப்பு இல்லை. நீ முதலில் எழுதினாய் என்பதுதான் குத்துகிறது. அதை எடுத்துவிடு. உலகநாதன்தான் முதலில் உன்னைப் பார்த்து எழுதினார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அவர் உனக்கு ஆப்பில் ஏற்கெனவே வணக்கம் போட்டிருந்தார், நீ அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டுப் பின்னால் இன்னொரு இடத்தில் பதில் போட்டாய் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். சித்ரா படித்தது எஸ்.எம்.எஸ்.ஸைத்தானே? ஆப்பை அவள் பார்க்கவில்லையே? அவர்கள் பெண் கேட்டு வந்ததாக இருக்கட்டும். நீ வாய் திறக்கவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திரு, அது போதும்.

யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை. உனக்கு ஒரு வீடு கிடைக்கும்.

வரம்


அம்பத்தூர்
5 மே 2025

அன்புள்ள வரத்துக்கு,

நலம். நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். உங்களுக்காக இதைக்கூட சொல்ல மாட்டனா? நான் பாத்துக்கறேன், நீங்க கம்முனு இருங்க" என்றார். ஆப்பில் தான் போட்ட வணக்கத்துக்குத்தான் நான் பதில் எழுதினேன் என்று சித்ராவிடமும் பேசிச் சமாளித்திருக்கிறார். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் கேட்டு வருகிறார்கள். வர்ஷா இப்போதே எந்தப் புடவை அத்தை, எந்தப் புடவை என்று கேட்கிறாள். ஜெகதீஷ் திரைச்சீலை மாற்றியிருக்கிறான்.

எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

அக்கா


கம்பம்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

அவர்கள் பெண் கேட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது, உன் கடிதம் இல்லை. தினமும் தபால் பையைக் கொட்டியதும் முதலில் உன் எழுத்தைத்தான் தேடுகிறேன்.

நேற்று ஜெகதீஷ் போன் செய்தான். ஸ்பீக்கரில் இவரும் கேட்டுக்கொண்டிருந்ததால் நான் எதுவும் கேட்க முடியவில்லை. "எல்லாம் முடிஞ்சு தட்டு மாத்தற நேரத்துல அம்மாவே கெடுத்துட்டாங்க சித்தி. அஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம்" என்றான். நீ அழவில்லை என்றும், சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னான்.

என்ன நடந்தது? நீயே சொல். உன் வாயால் கேட்காமல் நான் எதையும் நம்ப மாட்டேன்.

வரம்


அம்பத்தூர்
17 ஜூன் 2025

அன்புள்ள வரத்துக்கு,

சாப்பிடுகிறேன். கவலைப்படாதே. உன் உடம்பைக் கவனி.

அன்று அவர், சித்ரா, சித்ராவின் கணவர் அஜித்குமார் மூவரும் வந்தார்கள். பூ, பழத் தட்டு எல்லாம் இருந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுத் தலைக்குச் சாயம் அடித்திருந்தார். வர்ஷா காபி கொண்டுவந்தாள். பேச்சு நல்லபடியாகத்தான் போனது. அப்போது சித்ரா, எல்லார் காதிலும் விழட்டும் என்பது போல, "அப்பா, இங்க எல்லாரும் இருக்கோம். நீங்களே சொல்லிடுங்க. யாரு மொதல்ல பேசினது?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா. எத்தன தடவ சொல்றது?"

"என்னான்னு போட்டீங்க?"

"வணக்கம்னு போட்டேன். நல்லா இருக்கீங்களான்னு."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நன்றாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் இன்னும் கொஞ்சம் சேர்த்தார். "பத்து நாளு பதிலே போடல இவங்க. நான் நாலஞ்சு தடவ கேட்டப்புறம்தான் ஒரு வார்த்த பேசினாங்க. நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க அப்பிடித்தான இருப்பாங்க?"

சித்ராவின் முகம் இளகியது. ஜெகதீஷைப் பார்த்தேன். ஒரு மாதமாக இறுகியிருந்த அவன் தோள் இறங்கிவிட்டது. வர்ஷா சிரித்தாள். பத்து நாள் பதில் போடாத பெண்ணை எல்லாருக்கும் பிடித்திருந்தது, வரம். அந்தப் பெண்ணுக்குத்தான் தட்டு எடுத்து வைத்திருந்தார்கள்.

நான், "இல்லைங்க. நான்தான் முதல்ல எழுதினேன். இட்லி மாவைப் பத்திக் கேட்டேன்" என்றேன்.

என் குரல் எனக்கே வகுப்பில் கேட்பது போலக் கேட்டது. சித்ரா தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அப்போ நீங்க சொன்னது பொய்யாப்பா?" என்றாள். அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்துவிட்டது. "எங்கிட்ட இதுவரைக்கும் பொய் சொல்லாதவருங்க இவரு. இன்னும் வீட்டுக்கே வரல, அதுக்குள்ள சொல்ல வச்சிட்டீங்களே மேடம்" என்றாள் என்னிடம். பழத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் அவர் செருப்பை மாட்டத் தடுமாறினார். நான் எழுந்து போகவில்லை.

தப்பான விடையைப் பார்த்தால் டீச்சருக்குப் பொறுக்காது என்று ஜெகதீஷ் இப்போது எல்லாரிடமும் சொல்கிறான். அதுவா காரணம்? எனக்குக் கல்யாணம் பேசியபோது என்னை யாரும் கேட்கவில்லை. உனக்கும் அப்படித்தான். இந்த ஒன்றைத்தான் நானாகச் செய்தேன். அது கெட்ட கேள்வியும் அல்ல. அதைச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் போய் உட்கார முடியும் என்று தோன்றவில்லை.

ஆனால் அவர் கழுத்து சிவந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை.

அக்கா


கம்பம்
30 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

யோசனை என்னுடையது, அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

இன்னும் கெட்டுப்போகவில்லை. அவர் அவமானத்தில் இருக்கிறார், அவராக எழுத மாட்டார். நீ எழுது. ஒரே வரி போதும். நீ எழுதினால் அவர் வருவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. வீம்பு பார்க்காதே. முதலில் பேச வேண்டிய நேரம் எனக்கும் ஒருமுறை வந்தது. அதை விடு.

தயவுசெய்து எழுது, அக்கா.

வரம்


அம்பத்தூர்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வரத்துக்கு,

எல்லாரும் நலம். இங்கே நல்ல மழை. தொழிற்பேட்டைச் சாலையில் முழங்கால் தண்ணீர், ஜெகதீஷ் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். வர்ஷாவுக்குச் சம்பள உயர்வு. மாவு அரைப்பதை விட்டுவிட்டேன், கடையில் பாக்கெட் வாங்கிக்கொள்கிறோம். வர்ஷாவுக்கும் சௌகரியம்.

நீ சொன்னதை யோசித்தேன். முதல் தடவை நான் எழுதினேன். அதற்காகத்தான் இவ்வளவும். இந்தத் தடவை அவர் எழுதட்டும். வணக்கம் என்று ஒரு வார்த்தை போதும். ரோஜாப்பூப் படம் அனுப்பினாலும் போதும்.

போனை இப்போது ஹாலிலேயே வைத்திருக்கிறேன், சத்தம் கேட்கிற தூரத்தில்.

அக்கா


அம்பத்தூர்
23 நவம்பர் 2025

அன்புள்ள வரத்துக்கு,

மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாங்காட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். கும்பிட்டு வெளியே வந்தால் எதிரே சித்ரா. ஒதுங்கிப் போகலாம் என்று பார்த்தேன், அவளே கூப்பிட்டாள். கோபமெல்லாம் போய்விட்டது போல. பின்னால் அவர் நின்றார். பக்கத்தில் ஒரு பெண், புதுத் தாலி, பச்சைப் புடவை, என் வயதுதான் இருக்கும்.

"அப்பாவுக்குப் போன மாசம் ரிஜிஸ்டர் ஆச்சுங்க மேடம். இவங்க பேபி அம்மா. பூந்தமல்லியில நர்ஸா இருந்தாங்க" என்றாள் சித்ரா. பிறகு நான் கேட்காமலே, "அந்த ஆப்லதான். அப்பாதான் மொதல்ல மெசேஜ் போட்டாரு. இவங்க பத்து நாளு பதிலே போடலியாம்! அப்புறம் நாங்களே நேர்ல போய்க் கேட்டோம்" என்றாள்.

அவர் என்னைப் பார்க்காமல், "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். கார் எடுத்து வருகிறேன் என்று சித்ரா கிளம்ப, அவரும் அவசரமாகக் கூடவே போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் பூக்கடை ஓரமாக நின்றோம். அந்த அம்மாதான் பேச ஆரம்பித்தார்.

"நீங்கதான அந்த டீச்சரு? அவுரு சொல்லிக்கீறாரு."

தலையாட்டினேன்.

"யாராண்டயும் சொல்லாதீங்கம்மா. மொதல்ல மெசேஜ் போட்டது நாந்தான். அவுரு எங்க போட்டாரு? 'நான் போட்டதா சொல்லிக்கிறேன், நீ கம்முனு இரு'ன்னாரு. நானும் கம்முனு கீறேன்."

கோபமா, துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன எழுதினீங்க?"

அந்த அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா, வரம்! இதுவரை அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். "பெருசா இன்னா? 'சாப்ட்டீங்களா'ன்னு போட்டேன். போட்டுட்டு ஒரே படபடப்பு. ஆஸ்பத்திரில எத்தினி ஆபரேசன் பாத்துக்கீறேன், அன்னிக்கி மாதிரி பயந்ததே இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"வேற யாராண்ட சொல்றது?" என்றார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. சித்ரா கண்ணாடியை இறக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, அதுக்குள்ள ரெண்டு பேரும் இவ்ளோ பேசறீங்க? யாரு ஆரம்பிச்சது?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பேபி அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கியது. முன்சீட்டில் அவர் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா" என்றேன். "நான்தான் முதல்ல பேச்சுக் கொடுத்தேன்."

பனி தொடங்கிவிட்டது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்.

உன்
அக்கா